பழைய கொட்டிலில் ஒரு வாரம்: எதை எடுப்பது?

பள்ளி விடுமுறைக்கு இரண்டு குடும்பம் சேர்ந்து, அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு வாரம் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் போய் இருப்பது என்று முடிவானதும் அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து குவியும். விடுமுறை வீடாக்கி வாடகைக்கு விடும், கல்லால் கட்டிய பழைய பார்ன் என்ற பண்ணைக் கொட்டில், உள்ளே கறுத்த மரத் தூலங்கள், முகடுவரை திறந்த கூடம், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் செம்மறியாடு. எல்லாமே அழகு. எல்லாவற்றிலும் பத்துப் பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கும். யாராவது ஒருவர் அவசரப்பட்டு முற்பணத்தைக் கட்டிவிடுவார்.

படத்தை நம்புவதைவிட, அந்தக் கட்டிடம் முன்பு என்ன வேலைக்கு இருந்தது என்று கேட்பது நல்லது. அங்கே கதிர் அடித்தார்களா, மாடு கட்டினார்களா, வைக்கோல் அடுக்கினார்களா? சுவரின் தடிப்பு, கதவின் உயரம், படியின் இடம், யன்னல் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் அந்த வேலைதான் அன்றே தீர்மானித்துவிட்டது. வீடாக மாற்றியவர்கள் குளியலறையும் குசினியும் வைத்தார்கள், அவ்வளவுதான். அவர்கள் விரும்பினாலும் அதிகம் மாற்ற விடமாட்டார்கள். இங்கிலாந்தில் 2014 முதல் பண்ணைக் கட்டிடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக்கச் சலுகை உண்டு. ஆனால் தேசியப் பூங்காக்களுக்குள் அது செல்லாது. அங்கே புதிதாக ஒரு யன்னல் உடைப்பதற்கே பூங்கா ஆணையத்துடன் மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே அம்மம்மா இரவில் விழாமல் கழிப்பறைக்குப் போவாரா என்பது இருநூறு வருடத்துக்கு முன்பு ஒரு பசுவின் வசதிக்காக எடுத்த முடிவில் தங்கியிருக்கிறது.

நான்கு பெரியவர்கள், ஐந்து பிள்ளைகள், முழங்கால் நோவுள்ள ஒரு அம்மம்மா, ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம், மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் கீழே பார்க்கிறேன். உங்கள் கணக்கு வேறென்றால் முடிவும் வேறாகும்.

கதிர் அடித்த பார்ன்

படங்களில் முதலில் கண்ணைப் பறிப்பது இதுதான். நார்ஃபோக், சஃபோக், கொட்ஸ்வோல்ட்ஸ் போன்று தானியம் விளைந்த பக்கங்களில் அதிகம் இருக்கிறது. நடுவில் எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள்; கதிர் ஏற்றிய வண்டி நிமிர்ந்தபடி உள்ளே வரும் உயரம். இரண்டையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும். நடுத்தளத்தில் தடியால் அடித்த கதிரை அந்தக் காற்றிலேயே தூற்றினார்கள். நம் ஊர் வயல்களில் தூற்றுவதற்குக் காற்றுக்காகக் காத்திருப்பார்கள். இவர்கள் காற்று வரும் வழியைக் கட்டிடத்துக்குள்ளேயே வைத்துக் கட்டினார்கள். 1786இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ மீக்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தைச் செய்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெரிய தளத்துக்கு வேலை இல்லாமல் போனது.

இன்று அந்த வண்டிக் கதவு இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அடித்த தளம் வரவேற்பறை. பத்துப் பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம்; பிறந்தநாள், திருமண ஆண்டு நிறைவு என்று எதையாவது கொண்டாட வந்தவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் ஒரு வாரம் குடியிருந்து பாருங்கள். வீடு முழுக்க ஒரே வெளி. படுக்கையறைகள் என்று சொல்லப்படுபவற்றில் குறைந்தது இரண்டு பரண்மேல் இருக்கும், சுவர் பாதி, மீதி கைப்பிடிக் கம்பி. கீழே ஒருவர் காலை ஆறு மணிக்குத் தேத்தண்ணிக்குக் கேத்தில் போட்டால் மேலே கைக்குழந்தை எழும்பும். இரவு பத்துக்குப் பெரியவர்கள் கதைக்கத் தொடங்கினால் பதினாலு வயதுப் பிள்ளை பரணிலிருந்து எட்டிப் பார்த்து முறைக்கும். வெப்பமும் அப்படியே மேலே போய்விடும். தரைக்கு அடியில் சூடாக்கும் வசதி இருந்தால் நல்லது, ஆனால் அதைக் கூட்டினால் சூடு ஏற மணிக்கணக்காகும். குளிர்கிறதே என்று பொத்தானை அழுத்திவிட்டு உடனே எதிர்பார்க்க முடியாது. விறகடுப்பு ஒன்று மூலையில் அழகாக இருக்கும். முதல் கூடை விறகுதான் பெரும்பாலும் இலவசம்.

இதற்கெல்லாம் மேலாகத் தாளிப்பு. கூடத்தின் ஒரு முனையில் குசினி. செத்தல் மிளகாயும் கடுகும் எண்ணெயில் விழுந்ததும் அந்தக் காரம் நேரே பரணுக்குப் போகும், படுக்கை விரிப்பில் தங்கும். அடுப்புக்கு மேலுள்ள உறிஞ்சி புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டித் திருப்பி விடும் வகை என்றால் உதவாது. புகை எச்சரிக்கை மணியோ முகட்டில், ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்தில் இருக்கும். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று அதே வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கும். அவர்கள் சமைத்தது பாஸ்தா.

கொட்ஸ்வோல்ட்ஸிலும் நார்ஃபோக்கிலும் இந்த வகைப் பார்ன்களின் விளம்பரத்தில் வௌவாலைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். நார்ஃபோக்கில் 1581இல் கட்டிய பாஸ்டன் பெரும் பார்ன் என்ற கூரை வேய்ந்த கட்டிடத்தில் அரியவகை வௌவால்கள் குட்டி போட்டு வளர்க்கின்றன. 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் பிரிட்டனின் எல்லா வௌவால்களையும் காக்கிறது. கூரையில் குடியிருக்கும் வௌவாலை வீட்டுக்காரராலும் வெளியேற்ற முடியாது. வாடகை கொடுக்காதவருக்குத்தான் உரிமை அதிகம். இரவில் ஓட்டுக்கு அடியில் கீறல் சத்தம் கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

சரிவில் நிற்கும் பார்ன்

வடமேற்கு இங்கிலாந்தின் மலைப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டின் பார்ன்கள் மலைச்சரிவில் பாதி புதைந்ததுபோல நிற்கும். மேட்டுப் பக்கத்திலிருந்து வண்டி நேரே மேல்தளத்துக்குள் போகும். வைக்கோலும் கதிரும் மேலே. பள்ளத்துப் பக்கத்தில் கீழ்த்தளம், அங்கே மாடும் குதிரையும். மேலிருந்து வைக்கோலைத் தள்ளினால் மாட்டின் முன்னே விழும். ஏறி இறங்கத் தேவையே இல்லாத கெட்டித்தனமான அமைப்பு, மாட்டுக்காரனுக்கு.

விடுமுறைக்கு வந்தவருக்கு அது தலைகீழ். வீடாக்கும்போது, காட்சியும் வெளிச்சமும் மேலே இருப்பதால் கூடமும் குசினியும் மேலே போகும். சின்ன யன்னல்கள் உள்ள மாட்டுத்தளம் படுக்கையறைகளாகும். அம்மம்மா காலையில் படியேறித்தான் தேத்தண்ணி குடிக்க வேண்டும், மத்தியானம் சரிந்து படுக்கப் படி இறங்க வேண்டும். கல்படி என்றால் கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கும். ஒரு படுக்கையறையையாவது மேல்தளத்தில் குளியலறையுடன் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் இந்த வகை மறுபடி போட்டிக்குள் வரும். சத்தமும் தாளிப்பும் இங்கே பிரச்சினை குறைவு, ஏனென்றால் இரண்டும் மேலே போகின்றன, தூங்குபவர்கள் கீழே இருக்கிறார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் கீழ்த்தளத்தில் பத்து மணிவரை தூங்கலாம், இருட்டாகவே இருக்கும்.

மழையை மறக்கக் கூடாது. அங்கே போரோடேல் பள்ளத்தாக்கில் உள்ள சீத்வெய்ட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. இங்கிலாந்தில் ஆட்கள் குடியிருக்கும் இடங்களில் அதுதான் மிக ஈரமானது. ஓகஸ்டிலும் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் இருக்க நேரலாம். சப்பாத்து, மேலங்கி உலர்த்த ஒரு தனி அறை உண்டா என்பது அங்கே ஆடம்பரமான கேள்வி இல்லை. லண்டனின் ஹரோவிலிருந்தோ வெம்பிளியிலிருந்தோ எம்1, எம்6 நெடுஞ்சாலைகள் வழியாக ஐந்து, ஆறு மணி நேரம். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் எம்6 இல் அது ஏழும் ஆகும்.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அங்கே மலையில் மேயும் ஹெர்ட்விக் செம்மறியின் இறைச்சிக்கு 2013இல் புவிசார் பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது. ஊர்க் கடைகளில் முற்றிய ஆட்டின் இறைச்சி கேட்டு வாங்கலாம். சுப்பர்மார்க்கெட் லேம்ப் கறியில் கரைந்துபோவதுபோல இது போகாது.

வயல் நடுவே ஒற்றையாக

யோர்க்‌ஷயர் டேல்ஸ் என்ற வட இங்கிலாந்துப் பள்ளத்தாக்குகளில், முக்கியமாக ஸ்வேல்டேலில், ஒவ்வொரு புல்வெளிக்கும் ஒரு சின்னக் கல் பார்ன் இருப்பதைக் காணலாம். அந்த வயலின் புல்லை அங்கேயே உலர்த்தி மேலே அடைத்து, நாலைந்து மாட்டைக் கீழே கட்டி, குளிர்காலம் முழுக்கக் காலையும் மாலையும் விவசாயி நடந்து வந்து தீனி போட்டுப் பால் கறந்தார். சாணம் அதே வயலுக்குப் போனது. மியூக்கர் என்ற ஊரைச் சுற்றி ஜூன் மாதத்தில் அந்தப் புல்வெளிகள் பூத்துக் கிடக்கும். ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு வெட்டிவிடுவார்கள். ஓகஸ்டில் போனால் மொட்டையடித்த வயலைத்தான் பார்ப்பீர்கள்.

இவற்றில் பெரும்பாலானவை இன்னும் வெறும் பார்னாகவே நிற்கின்றன. வீடானவை சின்னவை: ஒரு சோடியோ, இரண்டு பிள்ளையுள்ள குடும்பமோ இருக்கலாம். பத்துப் பேருக்கு இல்லை. சுவர் இரண்டடிக் கல், கைத்தொலைபேசி சிக்னல் உள்ளே வராது. காரை நிறுத்திவிட்டுப் பெட்டியைச் சுமந்து வயலுக்குள் நடக்கவும் நேரலாம். ரிச்மண்டில் பொருள் வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். அதன்பிறகு ரீத், கன்னர்சைட், மியூக்கர் என்று ஊர்கள் சிறுத்துக்கொண்டே போகும். எங்கள் பத்துப் பேர் கணக்கில் இது முதல் சுற்றிலேயே வெளியே. ஆனால் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியுமாக நாலு நாள் போக முடிந்தவர்கள் வேறு எதையும் பார்க்காமல் இதை எடுங்கள்.

யாரும் படம் எடுக்காத கொட்டில்

பட்டியலில் கீழே, தாழ்ந்த கூரையுடன், நீளமாக, ஒரு முற்றத்தைச் சுற்றி வளைந்து நிற்கும் மாட்டுக் கொட்டில் ஒன்று இருக்கும். விளம்பரக்காரர்களுக்கே அதை எப்படிப் படமெடுப்பதென்று தெரியாது. எனது வாக்கு அதற்குத்தான்.

கிழக்கு இங்கிலாந்தின் பெரிய பண்ணைகளில், கதிர் அடிக்கும் பார்ன் வடக்கே நின்று குளிர்காற்றை மறிக்கும். மற்றப் பக்கங்களில் மாட்டுக் கொட்டில்களும் வண்டிக் கொட்டில்களும். குளிர்காலத்தில் மாட்டுக்கு வெயில் படவேண்டும் என்பதற்காகத் திறந்த பக்கத்தைத் தெற்கே பார்க்க வைத்தார்கள், பின்சுவர் மூடியிருக்கும். அந்தத் திறந்த வளைவுகள் இன்று கண்ணாடி. அதனால் வீடு நாள் முழுக்க வெளிச்சமாக இருக்கிறது. எல்லாம் ஒரே தளம். முற்றத்திலிருந்து உள்ளே போகவும் படி இல்லை, அதிகம் போனால் ஒரு நிலைப்படி. அறைகள் வரிசையாக இருப்பதால் குசினி ஒரு முனையிலும் அம்மம்மாவின் அறை மறு முனையிலும் அமையும், நடுவில் மூடக்கூடிய கதவுகள். கூரை தாழ்வு, சீக்கிரம் சூடேறும்.

நார்ஃபோக்கின் செங்கல் கொட்டில்களில் வாசல் மூலையைத் தடவிப் பாருங்கள். அந்த இடத்துச் செங்கல் மட்டும் கூர் இல்லாமல் வட்டமாக வார்க்கப்பட்டிருக்கும். உள்ளே நெருக்கி அடித்துப் போகும் மாட்டின் விலாவில் குத்தக்கூடாது என்று செய்தது. சில இடங்களில் அந்த வளைவு மாட்டு முதுகு உரசி உரசி எண்ணெய் பூசியதுபோல மினுங்கும். ஓடித் திரியும் மூன்று வயதுப் பிள்ளையின் நெற்றிக்கும் அது பாதுகாப்பு.

குறை இல்லாமல் இல்லை. ஒரே முற்றத்தில் நாலு கொட்டிலை நாலு வீடாக்கி நாலு குடும்பத்துக்கு விடுவது சகஜம். உங்கள் பிள்ளைகளின் பந்து அடுத்த வீட்டாரின் வைன் கிளாஸில் போய் விழும். முற்றம் தனியானதா, பொதுவானதா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு குடும்பமாகப் போகிறவர்கள் பக்கத்துப் பக்கத்துக் கொட்டில் இரண்டையும் எடுத்தால் இன்னும் நல்லது. இரண்டு குசினி, இரண்டு குளிர்சாதனப் பெட்டி. மச்சாளும் நீங்களும் ஒரே அடுப்பில் நின்று ஒரு வாரம் முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பெரிய பார்னின் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல நேரம் இரண்டு சின்னதும் சேர்ந்தும் குறைவாகத்தான் வரும்.

இடமும் வாய்ப்பானது. ஈஸ்ட்ஹாமிலிருந்து எம்11, ஏ11 வழியாக வட நார்ஃபோக் கரைக்கு மூன்று மணி நேரம். தரை தட்டை. ஹோல்கம் கடற்கரைக்குக் கார் நிறுத்துமிடத்திலிருந்து மரப்பலகை நடைபாதை இருக்கிறது, மெல்ல நடந்தால் அம்மம்மாவும் மணலைத் தொடலாம். கடல்நீர் வற்றிய நேரத்தில் கடல் எங்கேயோ தூரத்துக்குப் போயிருக்கும். மோர்ஸ்டன் துறையிலிருந்து பிளேக்னி முனைக்கு சீல் என்ற கடல்நாய்களைப் பார்க்கப் படகு போகும், அலை நேரத்தைப் பொறுத்து. குரோமர் நண்டு பெயர் பெற்றது. கடையில் வேகவைத்து, ஓட்டுக்குள் சதையை அடைத்துத்தான் விற்பார்கள். ஒடியல் கூழுக்குப் பச்சை நண்டு வேண்டுமென்றால் மீன்கடையில் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும்.

குசினியை முதலில் பாருங்கள்

எந்த வகையை எடுத்தாலும், முற்பணம் கட்டும் முன் அடுப்பின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று வகை வரும்.

எரிவாயு அடுப்பு என்றால் கவலையில்லை. நாட்டுப்புறத்தில் குழாய் எரிவாயு இருக்காது, வெளியே சிலிண்டரோ தாங்கியோ இருக்கும், வேலை ஒன்றுதான். இண்டக்‌ஷன் என்றால் வீட்டிலேயே காந்தம் ஒன்றை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் ஒட்டிப் பாருங்கள். அலுமினியப் பிரஷர் குக்கர், இட்லிச் சட்டி, மண்சட்டி எதுவும் சூடாகாது. இரும்புத் தோசைக்கல் சூடாகும், ஆனால் கண்ணாடியைக் கீறும். கீறலின் விலை உங்கள் வைப்புப் பணத்தில் கழியும். பிட்டுக்குழலும் நீத்துப்பெட்டியும் கொண்டுபோகலாம், காந்தம் ஒட்டும் பானை ஒன்றின் மேல் வைத்தால் போதும்.

மூன்றாவது ஆகா. பண்ணை வீடுகளில் கம்பீரமாக நிற்கும் வார்ப்பிரும்பு அடுப்பு. நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் இயற்பியலாளர் குஸ்தாஃப் தலேன் 1922இல் வடிவமைத்தது. பழைய வகை இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கும், தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லை. கொதிக்க ஒரு தட்டு, மெல்ல வேக ஒரு தட்டு. மூடியைத் திறந்து வைத்துப் பத்துப் பேருக்குத் தோசை சுட்டால் அரைமணியில் சூடு இறங்கிவிடும், அதன்பிறகு கடைசித் தோசைக்காரர் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் இறைச்சிக் கறியை இரவு படுக்கும் முன் கீழ் ஓவனில் வைத்தால் விடிய எலும்பிலிருந்து தானே கழன்றிருக்கும். இங்கிலாந்துக் குளிரில் புளிக்க மறுக்கும் தோசை மாவுக்கு ஆகாவின் பக்கத்தைவிட நல்ல இடம் இல்லை. பக்கத்தில் சாதாரண மின்னடுப்பும் இருந்தால் ஆகா உள்ள வீடு எங்கள் சமையலுக்கு மிகப் பொருத்தம். தனியாக ஆகா மட்டும் என்றால் யோசியுங்கள்.

வெள்ளைக் கல் மேசையில் மஞ்சள் பட்டால் உடனே துடையுங்கள், பலகையும் கைத்துடைக்கும் துணியும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். கழிவுநீர் பெரும்பாலும் பின்புறத்தில் புதைத்த தொட்டிக்குத்தான் போகும். பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் வீடே நாறும். கறிவேப்பிலை, பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, மீன் எல்லாம் லண்டனிலேயே வாங்கிக் குளிர்ப்பெட்டியில் அடைக்க வேண்டியவை. அரிசி, வெங்காயம், பால் போன்றவற்றை டெஸ்கோவிடம் அந்த முகவரிக்கே முதல் நாள் மாலைக்குச் சொல்லிவிடலாம்.

மற்றவை

முகாம் பார்ன் என்று ஒன்று உண்டு. கல்லால் கட்டிய கூடாரம்: படுக்க மரமேடை, தூக்கப்பையும் சில இடங்களில் அடுப்பும் நாமே கொண்டுபோக வேண்டும். சாரணர் பிள்ளைகளுக்கு நல்லது, அம்மம்மாவுக்கு இல்லை. கரவன் பூங்கா மலிவு, எரிவாயு அடுப்பும் உண்டு, நீச்சல் தடாகமும் உண்டு. சுவர் மட்டும் மெல்லியது, பத்துப் பேர் ஒன்றாக இருக்க இடம் கிடையாது. ஹோட்டல் இரண்டு இரவுக்குச் சரி. மூன்றாம் நாள் காலை அம்மம்மா சோறு எங்கே என்று கேட்பார்.

ஓகஸ்ட் வாரத்தின் வாடகை, அதே வீட்டின் நவம்பர் நடுப்பகுதி வாடகையைவிட இரண்டு மடங்கைத் தாண்டுவது வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒக்டோபர் அரைத் தவணை விடுமுறை வாரம் ஓரளவு இடைவழி. பெரும்பாலும் வெள்ளிக்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை, அல்லது சனியிலிருந்து சனி. மாலை நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள், போகும் நாளில் காலை பத்துக்குச் சாவி கொடுக்க வேண்டும். பத்துப் பேரைக் குளிக்க வைத்துப் பத்து மணிக்குள் வெளியேற, எத்தனை குளியலறை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வீட்டுக்காரருக்கு எழுதும்போது ஐந்து விஷயம் கேளுங்கள்: குசினி உள்ள தளத்திலேயே கதவு மூடக்கூடிய படுக்கையறையும் குளியலறையும் உண்டா, அடுப்பு என்ன வகை, உறிஞ்சி புகையை வெளியே தள்ளுமா, முற்றம் யாருடையது, பக்கத்து வயலில் அந்த வாரம் என்ன நடக்கும். கடைசிக் கேள்வி விளையாட்டுக்கு அல்ல. அறுவடை வாரத்தில் இயந்திரம் நள்ளிரவு தாண்டியும் ஓடும், எரு தெளிக்கும் வாரத்தில் யன்னல் திறக்க முடியாது. நல்ல வீட்டுக்காரர் அடுத்த நாளே அளவெடுத்துப் பதில் எழுதுவார். 'எல்லாம் விளம்பரத்தில் இருக்கிறது' என்று ஒருவர் எழுதினால் அடுத்த கொட்டிலைப் பாருங்கள்.